கடலடி வெந்நீர் ஊற்றுகள்: உலோகம் கரையும் இடம், பிரியும் இடம்

ஆழ்கடலின் தரையில் நின்று கரும்புகை கக்கும் கல்தூண்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே எதுவும் எரியவில்லை. புகைபோலத் தெரிவது இரும்பு, செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து உருவான மிக நுண்ணிய துகள்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தூணின் வாயிலிருந்து வெளிப்படும் அந்தக் கணத்தில் நீர் தெளிவாகத்தான் இருக்கிறது. வாயைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் போன பிறகே கறுக்கிறது.

அந்தச் சில சென்டிமீட்டருக்குள் நடப்பது புரிந்துவிட்டால், இந்த ஊற்றுகளின் வேதியியலில் பாதி பிடிபட்டுவிடும். உலோகம் அந்த நீருக்குள் முதலில் எப்படி வந்தது என்பது மீதிப் பாதி. அதிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் பலர் தடுமாறுவது அங்கேதான். பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பிலிருந்து உலோகம் நேராக ஒழுகி வெளியே வருகிறது என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலான ஊற்றுகளில் அப்படி நடப்பதில்லை. கடல்நீர்தான் கீழே இறங்குகிறது. இறுகிப்போன பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்து, அங்கிருக்கும் உலோகத்தைக் கரைத்துக்கொண்டு திரும்பி வருகிறது. பாறைக்குழம்பு இதில் அடுப்பாக மட்டுமே இருக்கிறது.

முதல் ஊற்றுகளை மனிதர் கண்டது 1977-இல். கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ‘ஆல்வின்’ என்ற ஆய்வு நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் அவற்றைப் பார்த்தார்கள். அங்கே நீர் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது, கரும்புகை இல்லை. 1979-இல் மெக்சிகோவுக்கு அப்பால், கிழக்குப் பசிபிக் முகட்டில், அதே ஆல்வின் கறுப்புத் தூண்களை எதிர்கொண்டது. வெப்பம் அளக்க நீட்டிய கருவியின் பிளாஸ்டிக் பகுதி உருகிவிட்டது. தகுந்த கருவியோடு அளந்தபோது வெப்பநிலை 380 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. முதல் இடத்தில் ஏன் புகை இல்லை, இரண்டாவது இடத்தில் ஏன் இருந்தது? உலோகங்களின் கரைதிறன் இதற்கு விடை சொல்லும். சற்றுப் பின்னால் அதற்கு வருகிறேன்.

இத்தனை சூட்டில் நீர் கொதித்து ஆவியாகிவிடாதா என்று கேட்கலாம். 2,500 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், கடல்மட்டத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய 250 மடங்கு. அந்த அழுத்தத்தில் 350 டிகிரியிலும் நீர் திரவமாகவே நீடிக்கிறது.

இறங்கும் வழியில் நீர் இழப்பவை

புவித்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடங்களில் கடல் தரை பிளந்துகொண்டே இருக்கிறது. இந்தப் பிளவுகளையொட்டி எழுந்த நடுக்கடல் முகடுகள் எல்லாக் கடல்களையும் இணைத்து 60,000 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. பிளவுக்குக் கீழே, சில கிலோமீட்டர் ஆழத்தில், பாறைக்குழம்பு இருக்கிறது. 2 டிகிரிக் குளிரில் இருக்கும் கடல்நீர் வெடிப்புகள் வழியாக அதை நோக்கி இறங்குகிறது.

அந்த நீர் உலோகத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் சிலவற்றை இழக்கிறது. இந்த இழப்புதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானிப்போம்.

முதலில் போவது கரைந்திருக்கும் ஆக்சிஜன். பாறையில் உள்ள இரும்பு அதை விரைவில் பிடித்துக்கொள்கிறது. அடுத்தது சல்பேட். உப்புகள் பொதுவாக வெந்நீரில் கூடுதலாகக் கரையும். கால்சியம் சல்பேட்டோ நேர்மாறானது, சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறைகிறது. சுமார் 150 டிகிரியைத் தாண்டும்போது அது அன்ஹைட்ரைட் என்ற வெண்ணிறக் கனிமமாகப் படிந்து வெடிப்புகளில் தங்கிவிடுகிறது. இப்படிக் கடல்நீரின் சல்பேட்டில் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துவிடுகிறது.

மூன்றாவது மெக்னீசியம். என் பார்வையில் இந்தக் கதையில் மிக முக்கியமான இழப்பு இதுதான். ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 1.3 கிராம் மெக்னீசியம் உண்டு. நீர் மூலக்கூறு ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரியக்கூடியது. சூடான பாறையைத் தொட்டதும் மெக்னீசியம் அந்த ஹைட்ராக்சைடைத் தன்னோடு இழுத்துக்கொண்டு, களிமண் வகையைச் சேர்ந்த புதுக் கனிமங்களாகப் பாறையில் உட்கார்ந்துவிடுகிறது. துணையை இழந்த ஹைட்ரஜன் அயனி நீரிலேயே தங்குகிறது. ஹைட்ரஜன் அயனி மிகுந்த நீரைத்தான் அமிலம் என்கிறோம். கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையது, அதன் பிஎச் மதிப்பு 8-ஐ ஒட்டி இருக்கும். ஊற்றிலிருந்து எடுத்துக் குளிரவைத்த நீரை அளந்தால் பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடையில் வருகிறது. மெக்னீசியம் போனதால் கிடைத்த அமிலத்தன்மை இது.

400 டிகிரியில் குளோரைடு செய்யும் வேலை

இப்போது நீர் பாறைக்குழம்பின் விளிம்பை நெருங்கிவிட்டது. வெப்பநிலை 400 டிகிரியைத் தொடுகிறது. சுற்றிலும் பசால்ட் என்ற எரிமலைப் பாறை. அதன் கனிமங்களில் இரும்பும் மாங்கனீசும் நிறைய உண்டு. செம்பும் துத்தநாகமும் சிறு அளவில் இருக்கும். அமில நீர் அந்தக் கனிமங்களைச் சிதைத்து உலோகங்களை விடுவிக்கிறது. விடுவித்தால் மட்டும் போதாது. விடுபட்ட உலோகம் மறுபடி படிந்துவிடாமல் நீரோடு பயணம் செய்ய ஒரு துணை வேண்டும். குளோரைடு அந்தத் துணையாகிறது. சாதாரண உப்பில் சோடியத்தோடு இருக்கும் அதே குளோரைடுதான்.

குளிர்ந்த நீரில் உலோக அயனியும் குளோரைடு அயனியும் ஒன்றையொன்று பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் நெருக்கமாகச் சூழ்ந்து, எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பை மங்கச் செய்துவிடும். சூடு ஏறும்போது மூலக்கூறுகளின் அதிர்வு கூடுகிறது, அவற்றுக்கிடையே இடைவெளி கூடுகிறது, நீர் அந்த ஈர்ப்பைத் தடுக்கும் திறனை இழக்கிறது. அப்போது நேர்மின் உலோகமும் எதிர்மின் குளோரைடும் இறுக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. இப்படி ஒட்டிய கூட்டை வேதியியலில் அணைவு என்பார்கள். குளோரைடோடு அணைவான இரும்பும் செம்பும் துத்தநாகமும் நீரில் வெகு எளிதாகக் கரைந்திருக்கும். சூடு, அமிலம், குளோரைடு ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும் வரை உலோகம் நீரில் இருக்கும். மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் அது பிரியத் தொடங்கும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு வரும் அனைத்தும் அதிலிருந்து தானாக விளங்கும்.

அதே ஆழத்தில் கந்தகமும் நீரில் சேர்கிறது. பாறையிலேயே இருந்த கந்தகம் அதில் பெரும்பங்கு. மிஞ்சிய சல்பேட்டும் பாறையின் இரும்பிடமிருந்து எலெக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறுகிறது. உலோகமும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் குளிர்ந்த, அமிலமற்ற நீரில் சந்தித்தால் உடனே கறுப்புத் துகளாக வீழ்ந்துவிடும். இங்கே சூடும் அமிலமும் அவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றன. இணையத் துடிக்கும் இரண்டும் ஒரே நீரில் இணையாமலே மேலேறுகின்றன.

எவ்வளவு உலோகம் என்று பார்ப்போம். 1979-இல் கண்டறிந்த அந்தப் பசிபிக் ஊற்றுகளில் ஒரு கிலோ நீருக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம் என்ற கணக்கில் இரும்பு இருந்தது. மாங்கனீசு அதற்குச் சற்றுக் குறைவு. செம்பும் துத்தநாகமும் சில மில்லிகிராம். சுற்றியுள்ள ஆழ்கடல் நீரிலோ, ஒரு கிலோவுக்கு இரும்பின் அளவு ஒரு மில்லிகிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இரும்பிலும் மாங்கனீசிலும் வித்தியாசம் பத்து லட்சம் மடங்கு அளவில் இருக்கிறது.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு. கடல்நீருக்கு மாறுநிலைப் புள்ளி என்று ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 407 டிகிரி, 298 பார் அழுத்தம். அதை ஒட்டிய நிலைகளில் உப்புநீர் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி உப்புக் குறைந்த ஆவி, மறுபகுதி உப்புச் செறிந்த திரவம். ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள் ஆவியோடு போகும். குளோரைடை நம்பியிருக்கும் உலோகங்கள் செறிந்த உப்புநீரோடு தங்கும். இது கணக்குத் தாளில் மட்டும் இருக்கும் சங்கதி அல்ல. 1991-இல் கிழக்குப் பசிபிக் முகட்டில், 9 டிகிரி வட அட்சரேகைக்கு அருகே எரிமலை வெடித்தது. வெடித்த உடனே அங்கிருந்த ஓர் ஊற்றில் மாதிரி எடுத்தபோது குளோரைடு, கடல்நீரில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே ஊற்றை 1994-இல் மறுபடி அளந்தபோது குளோரைடு கடல்நீரைவிட ஒன்றரை மடங்கு. முதலில் ஆவி வெளியேறியது, கீழே தங்கியிருந்த உப்புநீர் பின்னால் வந்தது. ஆக, ஓர் ஊற்றின் உலோக அளவு என்று எழுதப்பட்டிருக்கும் எந்த எண்ணும் அது அளக்கப்பட்ட காலத்துக்கு உரியது. அந்த ஊற்றின் நிரந்தர அடையாளமாக அதைப் படிக்கக் கூடாது.

இதையெல்லாம் எப்படி அளந்தார்கள்

முடிவுகளை மட்டும் சொல்லிவிட்டு, அவை வந்த வழியைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. இந்தத் துறையில் அளவிடும் முறை அவ்வளவு அழகானது.

சூடான அமில நீர் சாதாரண எஃகைத் தின்றுவிடும். அப்போது மாதிரியில் கருவியின் உலோகமும் கலந்துவிடும். அதனால் டைட்டானியத்தால் செய்த பெரிய ஊசிக்குழல்களைப் பயன்படுத்துகிறார்கள். நீர்மூழ்கியின் இயந்திரக் கை அதன் மூக்கைத் தூணின் வாய்க்குள் செருகி நீரை உறிஞ்சுகிறது. எவ்வளவு கவனமாக உறிஞ்சினாலும் பக்கத்துக் கடல்நீர் கொஞ்சமாவது உள்ளே புகுந்துவிடும். எவ்வளவு புகுந்தது என்று தெரியாவிட்டால் அளவீடு பயனற்றது.

இங்கே மெக்னீசியம் கைகொடுக்கிறது. பாறைக்குள் முழுவதும் சூடேறி வந்த நீரில் மெக்னீசியம் கிட்டத்தட்டப் பூச்சியம் என்பதைப் பார்த்தோம். அப்படியானால் குழலுக்குள் இருக்கும் மெக்னீசியம் அத்தனையும் வழியில் கலந்த கடல்நீரிலிருந்து வந்ததே. ஒரே ஊற்றில் பல மாதிரிகள் எடுத்து, மெக்னீசியத்தை ஓர் அச்சிலும் இரும்பை மறு அச்சிலும் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழுகின்றன. அந்தக் கோட்டை மெக்னீசியம் பூச்சியமாகும் இடம்வரை நீட்டினால், கலப்பில்லாத ஊற்று நீரின் இரும்பு அளவு கிடைத்துவிடும். உலகின் எந்த ஊற்றைப் பற்றிய பட்டியலிலும் உலோக அளவுகள் பெரும்பாலும் இப்படி நீட்டிப் பெற்றவையே.

சிக்கல் அத்தோடு தீர்வதில்லை. குழல் மேலே வருவதற்குள் நீர் குளிர்ந்து, செம்பும் துத்தநாகமும் கறுப்பு வண்டலாக அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஆராய்ந்தால் செம்பு மிகக் குறைவாகத் தெரியும். வண்டலைத் தனியே சுரண்டி எடுத்து, அமிலத்தில் கரைத்து, அளந்து, மூல எண்ணோடு கூட்ட வேண்டும்.

தூண் எழும் விதம்

மேலேறிவந்த 350 டிகிரி நீர், 2 டிகிரிக் கடல்நீரைச் சந்திக்கிறது. சூடு சரிகிறது, அமிலம் நீர்க்கிறது, குளோரைடின் பிடி தளர்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் கைவிடுகின்றன. உலோகமும் கந்தகமும் இணைந்துவிடுகின்றன. தொடக்கத்தில் கேட்ட அந்தச் சில சென்டிமீட்டர்க் கேள்விக்கு இதுதான் விடை.

ஆனால் தூணின் முதல் சுவரைக் கட்டுவது உலோகம் அல்ல. சுற்றியுள்ள கடல்நீரில் கால்சியமும் சல்பேட்டும் இருக்கின்றன. ஊற்று நீர் அதைச் சூடாக்கும்போது, முன்பு பாறைக்குள் நடந்ததே இங்கும் நடக்கிறது. அன்ஹைட்ரைட் படிந்து வாயைச் சுற்றி வளையமாக வளர்கிறது. இந்த வளர்ச்சி வேகமானது. இளம் தூண்கள் ஒரு நாளில் 30 சென்டிமீட்டர்வரை உயர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். சுவர் எழும்பியதும் உள்ளே ஓடும் சுடுநீர் வெளிக்கடலிலிருந்து பிரிந்துவிடுகிறது. அதன் பிறகு சுவரின் உட்பக்கத்தில் செம்பும் இரும்பும் கந்தகமும் கலந்த சால்கோபைரைட் பொன்னிறமாகப் படிகிறது. வெளிப்பக்கம் போகப்போக, குளிர்ந்த பகுதிகளில், துத்தநாக சல்ஃபைடும் பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடும் சேர்கின்றன.

இந்த வரிசை தற்செயல் அல்ல. ஒவ்வோர் உலோகமும் நீரை விட்டுப் பிரியும் வெப்பநிலை வேறு. செம்பு மிகவும் சூட்டை நம்பியது. 350 டிகிரியிலிருந்து 300-க்கு இறங்குவதற்குள் அதன் கரைதிறன் வெகுவாகச் சரிந்துவிடும். அதனால் மிகச் சூடான உட்சுவரில் அது படிகிறது. துத்தநாகம் இன்னும் குறைந்த சூடுவரை தாக்குப்பிடிக்கும். ஒரு தூணைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், நீர் எங்கே எவ்வளவு சூடாக இருந்தது என்பதைக் கனிம அடுக்குகளே காட்டிவிடும்.

கலாபகஸ் ஊற்றில் புகை இல்லாததன் காரணமும் இப்போது விளங்கும். அங்கே சுடுநீர் கடல் தரைக்குக் கீழேயே குளிர்ந்த கடல்நீரோடு கலந்துவிட்டது. செம்பும் துத்தநாகமும் பெரும்பகுதி இரும்பும் தரைக்கு அடியிலேயே படிந்துபோக, மிச்ச நீர்தான் வெதுவெதுப்பாக வெளியே கசிந்தது. மாங்கனீசு மட்டும் சல்ஃபைடாக எளிதில் வீழாது என்பதால் அந்த வெதுவெதுப்பான நீரிலும் தொடர்ந்து வந்தது.

ஊற்று அணைந்து தூண் குளிர்ந்தால் இன்னொன்று நடக்கிறது. சூட்டில் படிந்த அன்ஹைட்ரைட் குளிரில் மீண்டும் கரையும். சுவரின் ஒரு பகுதி இப்படிக் கரைந்துபோக, பழைய தூண்கள் வலுவிழந்து சரிகின்றன. விழுந்தவை மேடாகக் குவிகின்றன. அட்லாண்டிக் நடுமுகட்டில் 26 டிகிரி வடக்கில் உள்ள ‘டேக்’ எனப்படும் மேடு சுமார் 200 மீட்டர் அகலமும் 50 மீட்டர் உயரமும் கொண்டது. சைப்ரஸ் தீவின் ட்ரூடோஸ் மலையில் வெண்கலக் காலம் முதலே செம்பு தோண்டிய இடங்களும் இப்படி உருவானவையே. 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் தரையாக இருந்து, பின்னர் நிலத்துக்கு மேல் எழுந்த பாறை அது.

புகையாகப் போன பங்கு

தூணில் தங்குவது சிறு பங்குதான். பெரும்பங்கு கடலுக்குள் போய்விடுகிறது. சுடுநீர் அடர்த்தி குறைந்ததால் மேலெழும்புகிறது. எழும்போதே குளிர்ந்த கடல்நீரை இழுத்துக் கலந்துகொள்கிறது. சில நூறு மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு நீர்த்துப்போன பிறகு, சுற்றியுள்ள நீரின் அடர்த்தியோடு ஒத்துவிடுகிறது. அதற்குமேல் ஏற முடியாமல் கிடைமட்டமாகப் பரவத் தொடங்குகிறது.

இங்கே இரும்பின் எதிராளி கந்தகம் அல்ல, ஆக்சிஜன். கரைந்துவந்த இரும்பு இரண்டு எலெக்ட்ரான் இழந்த நிலையில் இருக்கும். ஆக்சிஜன் அதனிடமிருந்து மூன்றாவதையும் பிடுங்கும்போது அது துருவாகிறது. துரு கடல்நீரில் ஏறக்குறையக் கரைவதில்லை. இந்த மாற்றத்தின் வேகம் கடலுக்குக் கடல் மாறுபடுவது எனக்கு மிகவும் பிடித்த செய்திகளில் ஒன்று. அட்லாண்டிக் ஊற்றுகளில் பாதி இரும்பு துருவாக நிமிடங்கள் போதும். வட பசிபிக்கின் சில இடங்களில் பல மணிநேரம், ஒரு நாளுக்கும் மேல்கூட ஆகிறது. அட்லாண்டிக்கின் ஆழ்நீர் அண்மையில் மேற்பரப்பிலிருந்து இறங்கியது, ஆக்சிஜன் மிகுந்தது, அமிலத்தன்மை குறைந்தது. வட பசிபிக்கின் ஆழ்நீர் சுமார் ஆயிரம் ஆண்டுகளாக மேற்பரப்பைக் காணாதது. அதன் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் செலவழித்துவிட்டன. அவை வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு நீரைச் சற்று அமிலப் பக்கம் தள்ளியிருக்கிறது. இரண்டு காரணங்களும் துருப்பிடித்தலை மெதுவாக்குகின்றன.

மாங்கனீசு இன்னும் பொறுமையானது. ஆக்சிஜனோடு அது மிக மெதுவாகவே வினைபுரியும், பெரும்பாலும் பாக்டீரியாக்களின் உதவியோடு. அதனால் ஊற்றிலிருந்து வெகுதூரம் போன நீரிலும் மாங்கனீசு கூடுதலாகத் தெரியும். புது ஊற்றுகளைத் தேடும் கப்பல்கள் ஆழ்நீரில் மாங்கனீசை அளந்துகொண்டே போவது இதனால்தான்.

துருத் துகள்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. அவை மிகச் சிறியவை, மேற்பரப்பு மிகுதி, ஒட்டும் தன்மையும் மிகுதி. கடல்நீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட், வனேடியம், ஆர்சனிக், அருமண் தனிமங்கள் எல்லாம் அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. ஆகவே ஊற்றுகள் கடலுக்கு உலோகத்தைக் கொடுப்பவை மட்டும் அல்ல. சில தனிமங்களைக் கடலிலிருந்து எடுத்துக்கொள்பவையும்கூட.

வீழாத இரும்பு

ஒரு பகுதி சல்ஃபைடாக வீழ்கிறது, மறுபகுதி துருவாக வீழ்கிறது. எனவே ஊற்று இரும்பு ஊற்றைச் சுற்றியே முடிந்துபோகிறது, பெருங்கடலின் கணக்கில் அதற்கு இடமில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இந்தக் கருத்து மாறிய விதத்தைப் புதிதாகப் படிப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊற்று நீரில் ஹீலியம்-3 என்ற அரிய வாயுவும் வருகிறது. பூமி உருவான காலத்திலிருந்து அதன் உள்ளே அடைபட்டிருப்பது அது. எதனோடும் வினைபுரியாது, எங்கும் படியாது. கலந்து நீர்த்துப்போவது ஒன்றுதான் அதற்கு நேரக்கூடியது. ஆக, ஓரிடத்து நீரில் ஊற்றின் பங்கு எவ்வளவு என்பதற்கு அது நம்பகமான அளவுகோல். இரும்பையும் ஹீலியத்தையும் சேர்த்து அளந்தால், வழியில் இரும்பு எவ்வளவு தொலைந்தது என்பது தெரிந்துவிடும்.

உலகக் கடல்களின் சுவட்டுத் தனிமங்களை அளக்கும் ஜியோட்ரேசஸ் என்ற பன்னாட்டுத் திட்டத்தின் கப்பல் ஒன்று 2013-இல் தென் பசிபிக்கில் இப்படி அளந்துகொண்டே போனது. 2015-இல் முடிவுகள் வெளியாயின. கிழக்குப் பசிபிக் முகட்டிலிருந்து கிளம்பிய கரைந்த இரும்பு மேற்கே 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் அடையாளம் காணக்கூடியதாக இருந்தது. துருவாகி வீழ்ந்திருக்க வேண்டிய இரும்பு எப்படி அவ்வளவு தூரம் போயிற்று?

காரணம் ஒன்றல்ல. கரிமப் பொருள்கள் சில இரும்பைச் சூழ்ந்து பிடித்துக்கொண்டு வீழாமல் காக்கின்றன. இன்னொரு பகுதி இரும்பு, வீழ்வதற்குப் போதிய எடையே இல்லாத மீநுண் பைரைட் துகள்களாகப் பயணம் செய்கிறது. பைரைட் எளிதில் துருப்பிடிப்பதும் இல்லை. மூன்றாவதாக, துகளுக்கும் நீருக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. கரைந்த இரும்பு துகளில் ஒட்டும், துகள் கொஞ்சம் தாழும், இரும்பு மறுபடி விடுபடும். இதற்குச் சான்றும் அதே பயணத்தில் கிடைத்தது. ஹீலியம் தன் உயரத்திலேயே போய்க்கொண்டிருக்க, அதனோடு கிளம்பிய இரும்பு போகப்போக அதைவிடச் சுமார் 350 மீட்டர் கீழே இறங்கியிருந்தது.

இந்தச் சிறு பங்குக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டிய அளவு உண்டு. நுண்பாசிகளின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது இரும்புத் தட்டுப்பாடுதான். ஆழ்நீர் மேலெழும் கடல் அது. ஆழத்தில் பயணம் செய்த ஊற்று இரும்பு அங்கே வெளிச்சத்துக்கு வரும்போது, வளிமண்டலத்திலிருந்து கார்பனை எடுக்கும் பாசிகளுக்கு உணவாகிறது.

எல்லா ஊற்றும் ஒன்றல்ல

இதுவரை சொன்னது பசால்ட் பாறை ஊற்றுகளின் கதை. பாறை மாறினால் நீரும் மாறும். அட்லாண்டிக்கில் அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே உள்ள ‘ரெயின்போ’ ஊற்றுகளுக்கு அடியில் இருப்பது புவியின் உள்ளடுக்கிலிருந்து மேலே வந்த பாறை. அங்கே ஒரு கிலோ நீரில் ஒரு கிராமுக்கும் மேல் இரும்பு இருக்கிறது. கந்தகமோ மிகக் குறைவு. சேர்வதற்குக் கந்தகம் போதாததால் இரும்பில் பெரும்பகுதி சல்ஃபைடு ஆகாமல் துருவாகவே முடிகிறது. ஓர் ஊற்றின் இரும்பு தூணிலும் கரும்புகையிலும் சேருமா, துருவாகக் கடலில் பரவுமா என்பதை முடிவு செய்வதில் உலோகத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள விகிதத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

அதே அட்லாண்டிக்கில் 2000-இல் கண்டறிந்த ‘லாஸ்ட் சிட்டி’ இதற்கு முற்றிலும் எதிர். அங்கும் உள்ளடுக்குப் பாறைதான். ஆனால் நீரின் சூடு 40 முதல் 90 டிகிரிவரைதான், பிஎச் 9-க்கும் 11-க்கும் இடையில். சூடும் இல்லை, அமிலமும் இல்லை என்பதால் உலோகமும் மிகச் சொற்பம். 60 மீட்டர்வரை எழுந்து நிற்கும் அதன் வெண்தூண்கள் கால்சியம் கார்பனேட்டாலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாலும் ஆனவை. மேற்குப் பசிபிக்கில், ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடங்களுக்குப் பின்னால் உள்ள ஊற்றுகள் வேறொரு வகை. பாறைக்குழம்பின் வாயுக்கள் அங்கே நேரடியாகவே நீரில் கலப்பதுண்டு. ஈயம், துத்தநாகம், ஆர்சனிக், தங்கம் ஆகியவை அங்கே கூடுதல். சுரங்க நிறுவனங்களின் கண் அவற்றின் மேல் விழுந்ததும் அதனால்தான்.

நீரின் இரும்பளவு உயிரின் உடலிலும் தெரிவதற்கு இந்தியப் பெருங்கடலில் ஓர் உதாரணம் இருக்கிறது. மொரீஷியசுக்குக் கிழக்கே உள்ள ‘கைரெய்’ ஊற்றில் வாழும் ஒரு நத்தையின் பாதத்தை இரும்பு சல்ஃபைடு படிந்த கரிய செதில்கள் மூடியிருக்கின்றன. அதே இனம் ‘சாலிடேர்’ என்ற இன்னோர் ஊற்றிலும் வாழ்கிறது. அந்த நீரில் இரும்பு மிகக் குறைவு. அங்குள்ள நத்தைகளின் செதில்கள் வெளிறிக் கிடக்கின்றன.

பழைய கடலின் இரும்பு

வளிமண்டலத்தில் ஆக்சிஜன் சேர்வதற்கு முந்தைய உலகில் இதே வேதியியல் எப்படி நடந்திருக்கும்? ஊற்றிலிருந்து வந்த இரும்பைத் துருவாக்க ஆழ்கடலில் ஆக்சிஜன் இல்லை. சல்பேட்டும் மிகக் குறைவு. இரும்பு கடல் முழுவதும் கரைந்தே பரவியிருந்தது. அது பின்னர் படிந்ததால் உருவானவைதான் பட்டை இரும்புப் பாறைகள். ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லி பகுதியில் உள்ளவை ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதுடையவை. உலகம் இன்று தோண்டும் இரும்புத் தாதில் பெரும்பகுதி இந்த வகைப் பாறைகளிலிருந்தே வருகிறது.

அந்த இரும்பு ஊற்றுகளிலிருந்து வந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? யூரோப்பியம் என்ற அருமண் தனிமத்தை வைத்து. அதன் உறவுத் தனிமங்கள் பெரும்பாலும் மூன்று எலெக்ட்ரான்களை இழந்தே இருக்கும். சூடான, ஆக்சிஜனற்ற ஊற்று நீரில் யூரோப்பியம் மட்டும் இரண்டோடு நின்றுவிடும். அந்த நிலையில் அது கால்சியத்தைப்போல நடந்துகொள்ளும். கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் கனிமத்திலிருந்து அது எளிதில் வெளியேறி நீரில் சேரும். அதனால் இன்றைய ஊற்று நீர்களில் யூரோப்பியம் அதன் உறவுகளைவிடத் தூக்கலாக நிற்கிறது. பண்டைய பட்டை இரும்புப் பாறைகளைப் பொடித்து அளந்தபோதும் அதே தூக்கல் கிடைத்தது. பாறையின் வயது கூடக்கூட அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.